சிறு தோட்டத்தில் பவள ஹனிசக்கிள்

கொடி வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் பூவின் நிறத்தையும் மணத்தையும் பார்த்தே கொடியைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் ஒரு வேலியும் அதை ஒட்டிய நான்கடி நிலமும் மட்டுமே உள்ள வீட்டில் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: அக்கொடி எவ்வளவு உயரம் போகும், எதைப் பற்றிக்கொண்டு ஏறும், ஏறியபின் எங்கே நிற்கும், அதன் விதையை யார் எடுத்துச் சென்று எங்கே போடுவார்கள் என்பனவே அவை. ஹனிசக்கிள் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் கொடிகளிடையே இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றன. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் அவற்றுள் ஒன்று பத்தடிப் பந்தலுக்குள் அடங்கி, அம்மண்ணின் பறவைக்கும் பூச்சிக்கும் உணவளித்து, ஆண்டுதோறும் பூத்துக்கொண்டிருக்கிறது; மற்றொன்று வேலியைத் தாண்டி வெளியேறி, இளமரங்களை முறுக்கி நெரித்து, காட்டுத் தரையையே மூடிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, முன்னதைத் தேர்ந்து, அதைச் சிறிய இடத்தில் செவ்வனே வளர்க்கும் முறை இங்கே விரிவாகக் கூறப்படுகிறது.

ஹனிசக்கிள் கொடிகள் தாவரவியலில் லொனிசெரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய பல இனங்களை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் வகைப்பாட்டுப் பிரிவாகும். பிராங்க்ஃபர்ட் நகரின் மருத்துவராக விளங்கி, மூலிகை நூல் எழுதிப் புகழ்பெற்ற ஆடம் லோனிட்சர் (1528–1586) என்பவரின் நினைவாக இப்பெயர் அமைந்தது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலின் வழியாக அது நிலைபெற்றது. வடகோளத்தில் பரவலாகக் காணப்படும் இப்பேரினத்தில் நிமிர்ந்து நிற்கும் புதர்களும் உண்டு, சுற்றி ஏறும் கொடிகளும் உண்டு. இலைகள் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைவது எல்லாவற்றிற்கும் பொதுவான அடையாளம். தமிழ்நாட்டுக்கு இப்பேரினம் முற்றிலும் அயலானதன்று. நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களில் லொனிசெரா லெஷனால்டியை என்னும் கொடி இயற்கையாகவே வளர்கிறது. 1816இல் புதுச்சேரிக்கு வந்து தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டிய லெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. இதற்கு மாறாக, சமவெளியில் வீட்டு முகப்புகளில் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தொங்கும் இரங்கூன் மல்லி, ஆங்கிலத்தில் சில இடங்களில் சீன ஹனிசக்கிள் என்று அழைக்கப்பட்டபோதிலும், மருத மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆகையால், இங்கே சொல்லப்படும் வளர்ப்பு முறைகள் அதற்குப் பொருந்தா.

இக்கட்டுரையின் நாயகியான பவள ஹனிசக்கிளின் தாவரவியற் பெயர் லொனிசெரா செம்பர்வைரன்ஸ். வடக்கே கனெக்டிகட் பகுதியிலிருந்து தெற்கே ஃப்ளோரிடா வரையிலும், மேற்கே டெக்சஸின் கிழக்குப் பகுதி வரையிலும் காட்டோரங்களிலும் வேலிகளிலும் இது இயற்கையாக வளர்கிறது. தென் மாநிலங்களில் ஆண்டு முழுவதும் இலை தாங்கும். வடக்கே குளிர் மிகும்போது இலையுதிர்த்து, வசந்தத்தின் தொடக்கத்தில் ஊதா படர்ந்த தளிருடன் மீண்டும் துளிர்க்கும். இலையின் மேற்புறம் நீலம் கலந்த பச்சை. அடிப்புறத்தில் விரலால் தேய்த்தால் போய்விடும் வெண்ணிறப் பூச்சு ஒன்று படிந்திருக்கும். இக்கொடியை அருகிலிருந்து நோக்குவோர் தவறவிடக்கூடாத இடம் கிளையின் நுனி. கீழே உள்ள இலைகளெல்லாம் தனித்தனி இணைகளாக இருக்க, பூங்கொத்துக்கு நேர் கீழே உள்ள கடைசி இணை மட்டும் அடிப்பாகம் ஒட்டி ஒரே வட்டிலாகி, அதன் நடுவைத் துளைத்துக்கொண்டு தண்டு மேலே செல்வதுபோல் தோன்றும். அந்த வட்டிலுக்கு மேலே பூக்கள் அடுக்கடுக்காக, ஓர் அடுக்குக்குப் பெரும்பாலும் ஆறு என்ற கணக்கில், வட்டமாக அமைகின்றன. ஒவ்வொரு பூவும் 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய குழல். வெளிப்புறம் பவளச் சிவப்பு, உட்புறம் மஞ்சள். வாய்ப்பகுதியில் ஐந்து சிறு இதழ்மடல்கள் ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்திருக்கும். அரும்புகள் மேல்நோக்கி விறைத்து நிற்கும்போதே முழுச் சிவப்பாகிவிடுவதால், பூ விரிவதற்குச் சில நாட்கள் முன்னரே கொடி பூத்துவிட்டதைப் போன்ற தோற்றம் உண்டாகிறது.

இத்தனை அழகுக்கும் இப்பூவில் மணம் கிடையாது. முல்லையும் மல்லிகையும் பிச்சியும் வளர்ந்த வீடுகளிலிருந்து வந்து நியூ ஜெர்சியிலோ வட கரோலினாவிலோ குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு, கொடி என்றாலே மாலையில் வாசல்வரை வந்து நிற்கும் மணம்தான் நினைவுக்கு வரும் ஆகையால், இது பெரிய குறையாகத் தோன்றக்கூடும். ஆயினும் இந்த மணமின்மைக்குத் தெளிவான காரணம் உண்டு. பூ தன் மகரந்தத்தை எந்த உயிரினத்தைக்கொண்டு வேறொரு பூவுக்கு அனுப்புகிறதோ, அவ்வுயிரினத்தின் புலன்களுக்கு ஏற்பவே அதன் நிறம், வடிவம், மணம் ஆகியவை அமைகின்றன. இரவில் பறக்கும் அந்துப்பூச்சியை அழைக்கும் பூ வெண்மையாகவும் இருளில் மணம் பரப்புவதாகவும் இருக்கிறது. பவள ஹனிசக்கிள் அழைப்பதோ பகலில் பறக்கும் ரீங்காரச்சிட்டை. மூன்று கிராம் அளவே எடையுள்ள, செங்கழுத்து ரீங்காரச்சிட்டு எனப்படும் அப்பறவை, மோப்பத்தைவிடக் கண்ணையே பெரிதும் நம்பி உணவு தேடுகிறது. சிவப்பு நிறம் அதன் கண்ணுக்கு எளிதில் புலப்படும், ஆனால் தேனீக்களின் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாது. குழல் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் அடியில் ஊறும் தேனை நீண்ட அலகும் அதனினும் நீண்ட நாக்கும் உடைய பறவையால் எட்ட முடிகிறது. அது தேன் குடிக்கும்போது, குழலுக்கு வெளியே நீண்டிருக்கும் மகரந்தப் பைகள் அதன் தலையில் உராய்கின்றன. தமிழ்நாட்டின் தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்து தேன் உண்ணும். ரீங்காரச்சிட்டு காற்றிலேயே அந்தரத்தில் நின்று உண்ணும். ஆகவேதான் பவள ஹனிசக்கிளின் பூக்கள் பறவை உட்காரக் கிளை தேவைப்படாத வகையில், கொடியின் வெளிவிளிம்பில் காற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்பறவைகள் குளிர்காலத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கழித்துவிட்டு, அவற்றுள் பல மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடந்து, மார்ச் முதல் மே வரை கிழக்கு மாநிலங்களில் படிப்படியாக வடக்கு நோக்கி ஏறிச் செல்கின்றன. பவள ஹனிசக்கிளும் அதே திசையில், தெற்கே மார்ச்சிலும் வர்ஜீனியாவை ஒட்டி ஏப்ரல் பிற்பகுதியிலுமாகப் பூக்கத் தொடங்குகிறது. நெடும்பயணம் முடித்து வரும் பறவைக்கு அப்பருவத்தில் வேறு குழல்மலர்கள் அதிகம் கிடைப்பதில்லை. சர்க்கரைக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குடுவையைத் தொங்கவிடுவதைவிட, அதே இடத்தில் இக்கொடி ஒன்றை நடுவது எவ்வளவோ மேல். குடுவையைச் சில நாட்களுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் கரைசல் கெட்டுப் பறவைக்கே நோய் வரும் என்ற அச்சம் கொடியில் இல்லை.

மணம் வேண்டுமென்று தேடுவோர் கைக்கு முதலில் வந்து சேர்வது ஜப்பான் ஹனிசக்கிள், அதாவது லொனிசெரா ஜபோனிகா. வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக முதிரும் அதன் பூக்கள் அந்தி நேரத்தில் ஆளை மயக்கும் மணம் வீசும். சீன மருத்துவத்தில் அதன் அரும்புகளுக்கு நெடுங்கால மதிப்பும் உண்டு. கிழக்காசியாவில், அதன் சொந்த மண்ணில், அது காட்டின் ஒழுங்குக்கு உட்பட்ட ஒரு கொடி மட்டுமே. அமெரிக்காவில் அது 1806இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அறிமுகமானது. 1862இல் ஜார்ஜ் ஹால் என்னும் மருத்துவர் ஜப்பானிலிருந்து அனுப்பிய, வீரியம் மிக்க ஹாலியானா வகை ஃப்ளஷிங் நகர நாற்றுப்பண்ணை வழியே நாடெங்கும் பரவியது. தோட்ட அழகுக்காக மட்டுமன்றி, நெடுஞ்சாலைச் சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்கவும் மான்களுக்குத் தழை கிடைக்கவும் வேண்டுமென்றே அது நடப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் என்று நல்லெண்ணத்துடன் தமிழ்நாட்டில் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் கண்மாய்களையும் தரிசுகளையும் கைப்பற்றிய வரலாற்றை அறிந்தோர்க்கு, அடுத்து நடந்ததை விளக்கவேண்டியதில்லை. பக்கத்து மரங்கள் இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலத்திலும் ஜப்பான் ஹனிசக்கிள் இலை தாங்கி உணவு தயாரிக்கிறது. தரையில் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடுகிறது. இளமரத்தைச் சுற்றி இறுகும் தண்டு, மரம் பருக்கும்போது பட்டையில் ஆழப் பதிந்து அதன் உணவோட்டத்தை நெரிக்கிறது. பறவைகள் உண்ணும் கருநிறக் கனிகளின் வழியே விதைகள் காட்டுக்குள் சென்று சேர்கின்றன. மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் அதன் விற்பனைக்கே தடை உண்டு. தடை இல்லாத இடங்களிலும், அதன் மணம் எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும், அதை ஒரு வீட்டு வேலியில் புதிதாக நடுவது பொறுப்பான செயலாகாது. வீட்டார் அன்றாடம் வெட்டி அடக்கினாலும் பறவை கொண்டுபோகும் விதையை எவராலும் வெட்டி அடக்க முடியாது.

நாற்று வாங்கும்போது பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல் செடியையே பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பூங்கொத்துக்குக் கீழே ஒட்டிய வட்டில் இலை பவள ஹனிசக்கிளில் இருக்கும். ஜப்பான் வகையில் எல்லா இலைகளும் கடைசிவரை தனித்தனியே இருக்கும். பவள வகையின் பூக்கள் கிளை நுனியில் அடுக்காகத் தோன்றும். ஜப்பான் வகையிலோ இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கக்கத்தில் இரண்டிரண்டாகத் தோன்றி, மேல் உதடு கீழ் உதடு என வாய் பிளந்து நிற்கும். ஜப்பான் வகையின் இளந்தண்டு மென்மயிர் போர்த்தது; பவள வகையின் தண்டு வழவழப்பானது. கனி பழுத்தபின் பவள வகையில் சிவப்பு, ஜப்பான் வகையில் கறுப்பு.

சிறு தோட்டத்திற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வகைகள் சிலவற்றை இங்கே குறிப்பிடவேண்டும். காட்டில் பவள ஹனிசக்கிள் இருபதடி வரைகூட ஏறக்கூடும். ஆனால் ஒரே இனத்திற்குள்ளும் குட்டையாக வளரும் தனிச்செடிகள் அங்குமிங்கும் தோன்றுவதுண்டு. அத்தகைய ஒன்றை விதையின்றித் தண்டு மூலமே பெருக்கி, அதன் குணம் மாறாமல் காத்து, தனிப்பெயர் இட்டு விற்பதையே தோட்டக்கலையில் பயிர்வகை என்பர். வர்ஜீனியாவின் குளோஸ்டர் வட்டத்தில் ஒரு பழைய தேவாலய வளாகத்தில் காட்டுச்செடியாகக் கண்டெடுக்கப்பட்ட ‘ஜான் கிளேட்டன்’ இவற்றுள் மிகவும் குறிப்பிடத்தக்கது. அதன் பூக்கள் சிவப்பின்றி முழு மஞ்சளாக இருப்பதோடு, செடியும் அடக்கமாக வளர்ந்து, முதல் பூப்புக்குப்பின் மீண்டும் மீண்டும் பூக்கிறது. அதற்குப் பெயர் தந்த ஜான் கிளேட்டன் அதே குளோஸ்டர் வட்டத்தின் நீதிமன்ற எழுத்தராகப் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். ஓய்வு நேரங்களில் காடு மேடெல்லாம் அலைந்து செடிகளைத் திரட்டி, உலர்த்தி, ஹாலந்திலிருந்த குரோனோவியஸ் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். அவற்றையும் அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளையும் அடிப்படையாகக் கொண்டே ‘ஃப்ளோரா வர்ஜினிகா’ என்னும் நூல் 1739 முதல் வெளிவந்தது. லின்னேயஸ் ஆராய்ந்த அவ்வுலர்செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கிளேட்டன் வாழ்ந்த மண்ணிலேயே கண்டெடுத்த கொடிக்கு அவர் பெயரை இட்டது, தோட்டச்செடிகளுக்கு வைக்கப்படும் எத்தனையோ விளம்பரப் பெயர்களுக்கு நடுவே மனநிறைவு தரும் செயலாகும்.

சிவப்புப் பூவையே விரும்புவோர்க்கு ‘மேஜர் வீலர்’ ஏற்றது. ஆறு முதல் பத்தடிக்குள் நின்று, நெடுநாள் பூத்து, பிற வகைகளை எளிதில் பற்றும் சாம்பல் நோய்க்குப் பெரிதும் ஈடுகொடுக்கிறது என்பதே அதன் சிறப்பு. குளிர் மிகக் கடுமையான இடங்களுக்குக் கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஃபிராங்க் ஸ்கின்னர் உருவாக்கிய ‘டிராப்மோர் ஸ்கார்லெட்’ என்னும் கலப்பினம் உண்டு. மணம் இன்றி அமையாது என்போர் ஹெக்ராட்டி என்னும் கலப்பின வகையைப் பார்க்கலாம்; வெளியே இளஞ்சிவப்பும் உள்ளே மஞ்சளுமாகப் பூத்து, மாலையில் மெல்ல மணந்து, புதராகவும் கொடியாகவும் இல்லாத இடைநிலையில் அடக்கமாக வளரும்.

கொடிக்கு முதல் தேவை கொழுகொம்பு. ஆனால் எல்லாக் கொடிக்கும் ஒரே கொழுகொம்பு உதவாது. திராட்சையும் பாகலும் பற்றுக்கம்பி எனப்படும் சுருள் இழைகளால் பிடித்து ஏறுகின்றன. மிளகும் வெற்றிலையும் கணுவில் தோன்றும் வேர்களால் ஒட்டி ஏறுகின்றன. ஹனிசக்கிளுக்கு இவ்விரண்டும் இல்லை. அது தன் தண்டையே முறுக்கிக்கொண்டு ஏறுவதால் அதைச் சுற்றுக்கொடி என்கிறோம். ஆகவே தட்டையான மதிற்சுவரையோ பலகை வேலியையோ அது தானாகப் பற்றாது. ஹார்வர்டின் ஆசா கிரே பற்றுக்கம்பிகளைப் பற்றி 1858இல் எழுதிய குறிப்பைப் படித்து ஆர்வம்கொண்ட சார்லஸ் டார்வின், ஏறுகொடிகளின் அசைவுகளைப் பொறுமையுடன் கவனித்து, 1865இல் அவற்றைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். வளரும் தண்டின் நுனி காற்றில் சும்மா தொங்காமல், சில மணி நேரத்திற்கு ஒரு சுற்று என வட்டமிட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறது என்பதும், ஏதேனும் ஒன்றில் மோதியபின் மோதிய இடத்திற்கு மேலுள்ள பகுதி அதே சுழற்சியைத் தொடர்வதால் கொடி அதைச் சுற்றிக்கொள்கிறது என்பதும் அவர் விளக்கிய உண்மைகள். பெரும்பாலான சுற்றுக்கொடிகள், மேலிருந்து நோக்கினால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. ஹனிசக்கிளோ கடிகாரத் திசையில் சுற்றும் சிறுபான்மையைச் சேர்ந்தது. இச்செய்தி வெறும் வியப்புக்கு உரியதன்று. நட்டவுடன் தண்டைக் கம்பியில் கட்டிவிடுவோர் அதை எதிர்த்திசையில் சுற்றிவைத்தால், சில நாட்களில் நுனி தன் சுற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு விலகிப்போய்விடும்.

கொழுகொம்பின் பருமனும் முக்கியம். ஐரோப்பிய ஹனிசக்கிள் நாலரை அங்குலம் விட்டமுள்ள இளம் பீச் மரத்தைச் சுற்றி ஏறியதைத் தாம் கண்டதாக டார்வின் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் தோட்டத்து இளங்கொடிக்கு விரல் பருமனே போதும், அதையே அது எளிதில் பற்றும். ஆறு முதல் எட்டடி உயரமுள்ள மரச்சட்டகம், சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி, அல்லது தூணைச் சுற்றிப் போர்த்திய கம்பி வலை ஆகியவற்றுள் எது கைக்கு எட்டுகிறதோ அதைப் பயன்படுத்தலாம். சட்டகத்திற்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுவது இரண்டு வகையில் நன்மை தரும்: கொடி பின்புறமாகவும் சுற்றிவர வழி கிடைக்கும், இலைகளுக்கிடையே காற்றும் ஓடும். அமெரிக்க வீடுகளின் தெருவோரத்தில் நிற்கும் அஞ்சற்பெட்டித் தூணும், நடைபாதை விளக்குத் தூணும் குட்டை வகைகளுக்கு மிகப் பொருத்தமான இடங்கள். அத்தூண்கள் வழவழப்பாகவும் தடிமனாகவும் இருப்பதால் அவற்றைச் சுற்றிக் கம்பி வலை கட்டுவது மட்டும் கட்டாயம். வாழும் இளமரத்தின்மேல் ஏற்றுவதைத் தவிர்க்கவேண்டும். பவள வகை ஜப்பான் வகையைப்போல் நெரிப்பதில்லை என்றாலும், மெல்லிய தண்டுடைய செடிக்கு அதுவும் சுமையே.

நடவுக்கு இலையுதிர் காலமும், உறைபனி நின்றபின் வரும் வசந்தத் தொடக்கமும் உகந்தவை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் பூ செழிக்கும். அரைநிழலிலும் செடி நன்றாகவே வளரும், ஆனால் இலைதான் பெருகும், பூ குறையும். ஆகவே முன்வாசல் வடக்கு நோக்கியதாக இருந்தால் பந்தலைப் பக்கவாட்டுக்கு மாற்றுவது நல்லது. வேர் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்கும் அமைப்பே ஹனிசக்கிளுக்கு மிகவும் பிடித்தமானது. காட்டோரத்தில் அது வளரும் நிலையும் அதுவே. குழியை வேர்க்கட்டியைப்போல் இருமடங்கு அகலமாகவும், ஆழத்தில் அதே அளவாகவும் எடுத்து, தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் செடியை நிறுத்தவேண்டும். சுவரை ஒட்டி நடும்போது ஒன்றரை அடி தள்ளி நட்டு, தண்டைச் சட்டகத்தின் பக்கம் சாய்த்துவிடுவது முறை. கூரையின் இறவாரம் மழையைத் தடுப்பதால் சுவரடி மண் எப்போதும் உலர்ந்தே கிடக்கும். களிமண்ணாயினும் மணற்பாங்காயினும் இக்கொடி பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி நிற்பதை மட்டும் பொறுக்காது. மட்கைக் குழிக்குள் மட்டும் கொட்டாமல் சுற்றிலுமுள்ள மண்ணிலும் கலந்துவிட்டால் வேர் குழியைவிட்டு வெளியேறத் தயங்காது.

முதல் ஆண்டில் வாரம் ஒருமுறை ஓர் அங்குல மழைக்கு ஈடான தண்ணீர் வேண்டும். வேர் ஆழம் பிடித்தபின் நீண்ட வறட்சியின்போது மட்டும் ஊற்றினால் போதும். இலைச்சருகையோ மரப்பட்டைத் துண்டுகளையோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்பி, தண்டைத் தொடாமல் சற்றே விலக்கிவைத்தால், வேர் குளிர்ச்சியாக இருக்கும். உரத்தில் கைத்தாராளம் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் நுனிகள் மென்மையாக நீண்டு, அசுவினிக்கு விருந்தாகி, பூப்பும் குறையும். ஆண்டுக்கொருமுறை வசந்தத்தில் இரண்டு கை மட்கு இடுவதே சாதாரணத் தோட்ட மண்ணுக்குப் போதுமான ஊட்டம்.

இக்கொடி வளர்ப்பில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் கவாத்து. வசந்தத்தின் முதல் பூப்பு, சென்ற ஆண்டு வளர்ந்து முற்றிய தண்டிலிருந்து கிளைக்கும் சிறு கிளைகளின் நுனியில் வருகிறது. ஆகவே குளிர்காலத்தில் மற்றச் செடிகளோடு சேர்த்து இதையும் ஒட்ட வெட்டிவிடுவோர், அந்த ஆண்டின் மிகச் சிறந்த பூப்பைத் தம் கையாலேயே வெட்டி எறிந்துவிடுகின்றனர். பிறகு கொடி பூக்கவில்லை என்று உரத்தையும் தண்ணீரையும் கூட்டுகின்றனர். சரியான காலம், முதல் பூப்பு வாடி முடிந்தவுடன், அதாவது மே இறுதியோ ஜூன் மாதமோ. அப்போது நீண்டு தொங்கும் தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்தால், வெட்டுக்குக் கீழுள்ள கணுவில் இரு பக்கமும் புதுக்கிளை தோன்றி, கோடையின் பிற்பகுதியில் இரண்டாம் முறை பூக்கும். முதல் மூன்று ஆண்டுகளில் வலிமையான மூன்று நான்கு தண்டுகளை விசிறிபோலப் பரப்பி ஏற்றிவிடுவது, பின்னாளில் கீழ்ப்பகுதி மொட்டையாகாமல் காக்கும். இளநுனியை நடவின்போதே கிள்ளிவிடுவதும் இதற்குத் துணைசெய்யும். பல ஆண்டுகள் கழித்துக் கொடி மேலே பறவைக்கூடுபோல் அடைந்து, கீழே வெறுந்தண்டாய் நிற்குமானால், குளிர்கால முடிவில் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி விட்டு முழுவதையும் வெட்டிவிடலாம். அவ்வாண்டு வசந்தப் பூவை இழக்க நேரிடும், ஆயினும் கொடி அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்து எழும். இத்தகைய வெட்டுக்குமுன் உள்ளே உண்மையான கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் சிறு பறவைகள் அந்த அடர்த்தியை நாடி வருவதுண்டு.

நோய்களில் முதலாவது சாம்பல் நோய். இலைமேல் வெண்பொடி தூவியதுபோல் படரும் இப்பூசணம், வேர் உலர்ந்து காற்றும் ஓடாத இடத்தில் கோடையில் தோன்றும். மருந்தைத் தேடுவதற்குமுன் உள்ளே நெருங்கிய தண்டுகள் சிலவற்றை அடியோடு நீக்கி, வேருக்கு ஆழமாக நீர் விடுவதே முதல் சிகிச்சை. இரண்டாவது அசுவினி. வசந்தத்தில் இளநுனியிலும் அரும்பிலும் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சி, அரும்பைக் கோணலாக்கிவிடும். குழாய்நீரைச் சற்று விசையுடன் பீய்ச்சியடித்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சியவற்றைப் பொறிவண்டும் அதன் புழுவும் தின்றுவிடும். செடிக்குள் ஊடுருவி நிற்கும் நச்சு மருந்துகளை இக்கொடிக்கு இடுவது கூடவே கூடாது. அவை தேனிலும் மகரந்தத்திலும் கலந்து, எந்த உயிர்களுக்காகக் கொடி நடப்பட்டதோ அவற்றையே சென்று சேரும்.

இலையைக் கடித்துத் தின்னும் பச்சைநிறப் புழு ஒன்று, வால் பக்கம் சிறு கொம்புடன், கோடையில் கண்ணில் படலாம். அதைக் கொல்லாமல் விடவேண்டும். ஹேமாரிஸ் டிஃபினிஸ் என்னும் பகல்நேர அந்துப்பூச்சியின் இளம்பருவம் அது. வளர்ந்தபின் சிறகின் பெரும்பகுதி கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய, உடல் மஞ்சளும் கறுப்புமாக மயிரடர்ந்து, பார்ப்பவர் அதை வண்டுத்தேனீ என்றே எண்ணும்படி பூவுக்குமுன் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சும். அது தின்னும் சில இலைகளால் நன்கு வேரூன்றிய கொடிக்கு ஒரு கேடும் இல்லை. வசந்தத்தில் பறக்கும் வெளிர்நீலச் சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுவும் இக்கொடியில் வளர்வதுண்டு. சில பெரிய வண்டுத்தேனீக்கள் குழலின் வாய் வழியே தேனை எட்ட முடியாமல், அடிப்பக்கத்தில் சிறு கீறல் இட்டுத் தேனை எடுத்துச் செல்கின்றன. வாடிய பூவைக் கையில் எடுத்து ஒளியில் பிடித்துப் பார்த்தால் அந்தக் கீறல் தெளிவாகத் தெரியும்.

நிலமே இல்லாத மாடிமுகப்புகளில் குட்டை வகையைத் தொட்டியிலும் வளர்க்கலாம். ஒன்றரை அடிக்குக் குறையாத அகலமும் ஆழமும் உள்ள தொட்டி, நல்ல வடிகால், நடுவே ஊன்றிய கூம்புச் சட்டகம் ஆகியவை தேவை. தொட்டி மண் நிலத்தைவிட விரைவில் உறைந்துபோவதால், கடுங்குளிரில் தொட்டியைச் சுவரோரம் நகர்த்திச் சருகால் மூடிவைக்கவேண்டும்.

புதுச் செடி உண்டாக்க விதை நல்ல வழியன்று. இரண்டு மூன்று மாதக் குளிர்ப்பதம் பெற்ற பின்னரே அது முளைக்கும். முளைத்தாலும் தாய்ச்செடியின் குட்டைக் குணம் அதில் வருமென்ற உறுதி இல்லை. கோடைத் தொடக்கத்தில் பாதி முற்றிய தண்டிலிருந்து இரண்டு கணு உள்ள போத்துகளை வெட்டி, கீழ்க்கணுவின் இலைகளை நீக்கி, ஈரமணலில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். இதனினும் எளியது பதியம். தாழத் தொங்கும் தண்டு ஒன்றை வளைத்து, கணுவின் அடிப்பக்கத்தில் மெல்லச் சுரண்டி, அக்கணுவை இரண்டங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால், அடுத்த வசந்தத்திற்குள் அது தனி வேர்பெற்றுவிடும். அதன்பின் தாயிலிருந்து வெட்டிப் பிரித்து வேறிடத்தில் நடலாம். பூ முடிந்தபின் தோன்றும் சிவந்த கனிகள் மனிதர் உண்ணத் தக்கவை அல்ல; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவை கைக்கு எட்டும் உயரத்தில் பழுப்பதற்குமுன் கொய்துவிட்டு, மேலே உள்ளவற்றைப் பறவைகளுக்கு விட்டுவைக்கலாம். அவை காட்டோரத்தில் கொண்டுபோய்ப் போடும் விதையைப் பற்றி இவ்வினத்தில் கவலைப்படவேண்டியதில்லை, ஏனெனில் அது முளைக்கும் இடம் அதன் சொந்த மண்ணே.